பதினைந்து படமும் ஒரு வரைபடமும்

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ தம்பி" என்றார். கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். "ஈரம் காயட்டும், பொறுங்கோ" என்று இன்னும் ஐந்து நிமிடம் உட்காரவைத்தார். கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்க்க இறங்கும் குறுக்குத் தெரு ஒன்றில் அவர் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். வழக்கறிஞராக இருந்து ஓய்ந்தவர். நான் போனபோதே எண்பதைத் தாண்டியிருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு தலையணை. அதன்மேல், காய்ச்சல்காரரைக் கிடத்தியதுபோல, புத்தகம். 1681இல் லண்டனில் ரிச்சர்ட் சிஸ்வெல் வெளியிட்ட ராபர்ட் நாக்ஸின் இலங்கை நூல். முதல் பதிப்பு.

ஆசையாகப் படிக்கக் குனிந்தேன். "வாசிக்கிறது பிறகு. முதல்லை படத்தை எண்ணுங்கோ. பதினைஞ்சு படம், ஒரு மடிப்பு வரைபடம்."

வரைபடம் இருந்தது. படம் பதினான்கு. திரும்ப எண்ணினேன். பதினான்குதான். அவர் சிரித்தார். குற்றவாளி ஒருவனை யானை மிதித்துக் கிழித்துக் கொல்லும் தண்டனைக் காட்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜெராக்ஸ் தாள் செருகியிருந்தது.

"அது இருந்திருந்தா இந்தப் புத்தகம் என்ரை வீட்டுக்கு வந்திராது. எனக்குக் கட்டாது" என்றார்.

பழைய பயண நூல் சேர்ப்பவர்களின் உலகத்துக்குள் நான் நுழைந்தது இப்படித்தான், ஒரு குறையின் வழியாக. அந்த உலகத்தில் புத்தகத்தைப் படிப்பதற்கு முன்னால் எண்ண வேண்டும். தாள் எத்தனை, படம் எத்தனை, வரைபடம் மடிப்பில் கிழிந்திருக்கிறதா, ஓரத்தை வெட்டி ஒழுங்குபடுத்திவிட்டார்களா, தோல் கட்டு அந்தக் காலத்துடையதா அல்லது பின்னால் வந்த யாரோ போட்டதா. எண்ணிக்கை சரியாக வந்தால் விலை லட்சங்களில் போகும். ஒன்று குறைந்தால் சரசரவென்று இறங்கும். அந்த ஒன்று எங்கே போயிருக்கும்? பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறையில் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். சென்னைப் புதுப்பேட்டையில் ஓடுகிற வண்டியைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பதுபோல, முழுப் புத்தகத்தைவிடப் படங்கள் தனித்தனியாக அதிகம் பெறும் என்று கணக்குப் போட்டு, நல்ல பிரதிகளையே பிரித்து விற்கும் வியாபாரம் ஐரோப்பாவில் வெகுகாலமாக நடந்துவருகிறது. படம் போன இடத்துக்கு எழுத்து போவதில்லை. எழுத்துக்குச் சட்டம் போடுவோர் இல்லை.

எனக்கு அனுமதி கிடைத்ததும் தாளைத் தொட்டுப் பார்த்தேன். கந்தல் துணியை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்த தாள். முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் மொடமொடக்கவில்லை, மடித்த வேட்டிபோல வளைந்து கொடுத்தது. படம் உள்ள தாளில் விரலை ஓட்டினால் சதுரமாக ஒரு பள்ளம் தட்டுப்படும். செம்புத் தகட்டை அழுத்தி அச்சடித்ததில் விழுந்த தடம் அது. எழுத்தில் எஸ் பெரும்பாலும் எஃப் மாதிரி நீண்டு நிற்கும். பழகும்வரை ஆங்கிலமே கொன்னிக்கொன்னிப் பேசுவதுபோல் இருக்கும். பூச்சி அரித்த துளை ஒன்று முகப்பிலிருந்து நாற்பது ஐம்பது பக்கம் நேர்கோடாக இறங்கியிருந்தது. செல்லரிக்கிற பூச்சிக்கு வரலாற்றில் அக்கறை இல்லை, பசைதான் வேண்டும் என்றார் பெரியவர்.

படத்தில் ஒருவன் ஒரே ஒரு இலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பான். நாம் தாளிப்பனை என்று சொல்லும் மரத்தின் ஓலை. ஒரு ஓலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என்று நாக்ஸ் எழுதியிருக்கிறார். விசிறிபோல மடித்துக் கைக்குள் அடக்கிக்கொண்டு போய், படைவீரர்கள் இரவில் அதையே கூடாரமாக்கிக்கொள்வார்களாம். இன்னொரு படத்தில் ஒருவர் செம்பை உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்து அண்ணாந்து குடிக்கிறார். நம் வீடுகளில் சின்ன வயதில் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு கற்றுக்கொண்ட வித்தை. லண்டன்காரர் ஒருவருக்கு அதை எழுதிக் காட்டவும் படம் போடவும் தோன்றியிருக்கிறது. அந்தச் சித்திரத்தில் குடிப்பவரின் முகமும் உடம்பும் லண்டன் நாடக மேடையில் வேஷம் கட்டியவர்போல இருக்கின்றன. செதுக்கியவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை. சொல்லக் கேட்டுச் செதுக்கினார். ஆகவே படம் தப்பு, பக்கத்தில் இருக்கும் வரி சரி. சந்தை இதைத் தலைகீழாகத்தான் மதிப்பிடுகிறது.

நாக்ஸை நாடு காண் பயணி என்று சொல்வதே ஒருவகையில் பொய். அவர் இலங்கையைப் பார்க்கப் போனவர் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவருடைய அப்பா ஓட்டிவந்த 'ஆன்' என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரத்தை இழந்தது. அதைச் சரிசெய்யவும் அப்படியே வியாபாரம் பார்க்கவும் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்துக்குப் போனார்கள். அங்கே கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் நயமாகப் பேசிக் கரைக்கு வரவழைத்து, 1660 ஏப்ரலில் அப்பா, மகன் உட்படப் பதினாறு பேரைப் பிடித்தார்கள். அப்பாவின் பெயரும் ராபர்ட் நாக்ஸ்தான். மூதூர்ப் பக்கம் அவரைப் பிடித்த புளியமரம் என்று ஒன்றைக் காட்டி, பின்னாளில் ஆங்கிலேயர் கல்லும் நட்டார்கள். அப்போது மகனுக்கு வயது பத்தொன்பது. ஒரு விஷயம் எனக்கு மறப்பதே இல்லை. அப்பா அவனைக் கப்பலுக்குச் செய்தி சொல்ல அனுப்புகிறார். அவன் கப்பலில் ஏறிவிட்டான், தப்பித்தாயிற்று. ஆனால் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத் திரும்பிக் கரைக்கு வந்து தானே சிறைக்குள் போகிறான். அந்தத் தீவுக்குள் அவன் விரும்பிச் செய்த ஒரே பயணம் அது.

அதன்பின் பத்தொன்பதரை ஆண்டு. சங்கிலி, கொட்டடி எதுவும் இல்லை. ஊர் ஊராகப் பிரித்துக் குடியமர்த்தினார்கள். ஊரார் சோறு போட வேண்டும், ஆனால் தப்பவிடக் கூடாது. பிடிபட்டதற்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியில், பண்டார கொஸ்வத்த என்ற ஊரில், காய்ச்சலில் அப்பா இறந்தார். மகனும் காய்ச்சலில் கிடந்தான். பிணத்தைத் தூக்க உதவி கேட்டு அனுப்பியபோது ஊரார் கொடுத்தனுப்பியது மாடு கட்டும் கயிறு ஒன்று. கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போடச் சொன்னார்கள். நாக்ஸ் அதைச் செய்யாமல், கூலிக்கு ஆள் பிடித்துப் புதைத்தார். இந்த இடத்தை அவர் எழுதியிருக்கும் விதத்தில் சாபமோ வசையோ கிடையாது. கயிறு என்ன கயிறு, யார் கொண்டுவந்தார்கள் என்பதுதான் இருக்கிறது.

பிறகு பிழைக்க வேண்டுமே. நூல் வாங்கித் தொப்பி பின்னினார். பொட்டலம் கட்டிச் சுமந்து விற்றார். நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார். வருஷத்துக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி. தப்பாய் நினைக்க வேண்டாம், அந்த ஊர் வழக்கமே அதுதான் என்று விளக்கமும் சொல்கிறார். இதனால்தான் அவர் புத்தகம் மற்றவற்றிலிருந்து தனியாக நிற்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். தூதர்கள் அரண்மனையைப் பார்த்தார்கள். கடன் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவனுக்குத்தான் எந்த மாதம் அடுக்களையில் நெல் தீரும் என்று தெரியும். உழுவது, வயலைச் சமன்படுத்துவது, சூடு மிதிப்பது, மீன் பிடிப்பது என்று அவர் அடுக்கிக்கொண்டே போவது வேடிக்கை பார்த்தவரின் கணக்கல்ல, வயிற்றின் கணக்கு.

ஒப்பிட வேண்டுமானால் பிலிப்பஸ் பால்தேயுஸை எடுத்துக்கொள்ளலாம். டெல்ஃப்ட் ஊர்க்காரர். 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபோது கூடவே வந்த பாதிரியார். 1665வரை இருந்தார். தமிழ் கற்றார். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய தடித்த நூல் மலபார், சோழமண்டலம், இலங்கை மூன்றையும் விவரிப்பது. அதே ஆண்டில் ஜெர்மனிலும் வந்தது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, சங்கானை, மானிப்பாய் என்று யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்றுகள் பலவற்றின் தேவாலயங்களுக்கும் அதில் படம் உண்டு. தமிழ் எழுத்துகளைச் செதுக்கி அச்சிட்ட தாள்களும் உண்டு. நூல் சேர்ப்பவர்களுக்கு நாக்ஸைவிட பால்தேயுஸ் பெரிய பரிசு. எனக்கு அதில் ஒரு சங்கடம். இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி ஜாக்கோமோ ஃபெனிசியோ என்ற கத்தோலிக்க இயேசு சபைப் பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது. பெயர் சொல்லாமல். பிரிட்டிஷ் மியூசியத்தில் கிடந்த அந்த மூலத்தை ஸ்வீடன் நாட்டு அறிஞர் யார்ல் ஷார்பெந்தியே கண்டெடுத்து 1933இல் வெளியிட்டதும் குட்டு முழுதாக உடைந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இதெல்லாம் சகஜம் என்பார்கள். சகஜம்தான். ஆனால் யாரை விமர்சித்து ஊரெல்லாம் பிரசங்கம் செய்தாரோ அவர்களிடமே திருடியிருக்கிறார் என்பதுதான் ருசி.

இதே நூற்றாண்டின் தொடக்கத்துக்குக் கொஞ்சம் முன்பு டச்சுக்காரர் லின்ஸ்ஹோட்டன் செய்ததும் ஒருவகைத் திருட்டுதான். கோவா பேராயரிடம் எழுத்தராக இருந்துகொண்டே போர்த்துக்கேயரின் கடல்வழிக் குறிப்புகளைச் சேர்த்து, ஊர் திரும்பி 1596இல் அச்சிட்டார். டச்சுக் கப்பல்கள் கிழக்கே வர அது வழிகாட்டியது. இன்று ஏலத்தில் கையுறை போட்டுத் தொடும் பல நூல்கள் அன்று வியாபார ரகசியங்கள். அந்த நூலின் ஆங்கிலப் பதிப்பை, பழைய பயண நூல்களைப் பதிப்பிக்கும் ஹக்லூயிட் சங்கம் 1885இல் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தது. முதல் பாகத்தின் பதிப்பாசிரியர் ஆர்தர் பர்னல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். சரஸ்வதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்ததும் அவர்தான். லின்ஸ்ஹோட்டன் நூல் அச்சாவதற்குள் பர்னல் இறந்துவிட்டார். தஞ்சை வெயிலில் பகலில் வழக்கு, இரவில் டச்சுக் கப்பல்வழி. இப்படி ஒரு மனிதருக்கு எந்த நேரத்தில் உறக்கம் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்ததுண்டு.

நாக்ஸிடம் திரும்புகிறேன். வெள்ளவத்தையில் அன்று படம் எண்ணி முடித்துப் படிக்கத் தொடங்கியபோது என் கண்ணில் சிக்கியது ஒரு பையன். கொட்டியாரத்தில் பிடிபட்டவர்களோடு அவனும் இருந்தான். அப்பா நாக்ஸுக்கு ஏவல் செய்யப் போர்ட்டோ நோவோவிலிருந்து கூட்டிவந்த பையன். போர்ட்டோ நோவோ என்றால் நம் பரங்கிப்பேட்டை. நாக்ஸ் அவனைக் 'கறுப்புப் பையன்' என்றே எழுதுகிறார். தமிழ்ப் பையனாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம், பிடிவாதம் என்றும் சொல்லலாம். அப்பா செத்த இரவில் உதவி கேட்டு ஊருக்குள் ஓடியவன் அவன். மாட்டுக் கயிறு அவனிடம்தான் கொடுக்கப்பட்டது.

இன்னொரு நாள். நாக்ஸ் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கிழவர் கையில் ஒரு புத்தகத்தோடு வருகிறார், போர்த்துக்கேயர் கொழும்பைவிட்டுப் போனபோது கிடைத்ததாம். உன் எஜமானுக்குப் படிக்கத் தெரியுமா என்று பையனிடம் கேட்கிறார். பிரித்தால் ஆங்கில பைபிள். தாய்மொழியில் ஒரு எழுத்தைப் பார்க்க ஏங்கிக் கிடந்த நாக்ஸுக்குக் கை நடுங்குகிறது. கையில் இருந்த காசைக் கொடுத்துவிடத் துடிக்கிறார். பையன்தான் தடுக்கிறான். காசு நாளைக்கு வேறு எதற்கெல்லாமோ வேண்டியிருக்கும் என்கிறான். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்குப் பேரம் முடிகிறது. கிழவருக்கும் திருப்தி.

பழைய நூல் வியாபாரத்தில் நான் படித்த பேரங்களிலேயே இதுதான் அழகானது. இதற்குப் படம் இல்லை. பதினைந்தில் ஒன்றுகூட அந்தப் பையனுக்கு இல்லை. அரசனுக்கு உண்டு, பிரபுவுக்கு உண்டு, சீமாட்டிக்கு உண்டு, வேடனுக்கு உண்டு, யானைக்கும் உண்டு. அன்றிலிருந்து பழைய பயண நூல் எதைக் கையில் எடுத்தாலும் படங்களுக்குப் பதில் நான் இவர்களை எண்ணத் தொடங்கினேன். பல்லக்குத் தூக்கியவர்கள், துபாஷிகள், படகோட்டிகள், சமையல் செய்தவர்கள், வழி சொன்னவர்கள். சில நூலில் ஐந்தாறு பேர் தேறும். பெயரோடு இருப்பவர் ஒருவரோ இருவரோ. பல்லக்கிலேயே போய்ப் பல்லக்கிலேயே திரும்பி, காடு, மலை, கோயில் எல்லாவற்றையும் வர்ணித்துவிட்டு, தூக்கியவர்களைப் பற்றி 'சோம்பேறிகள்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திய புண்ணியவான்களும் உண்டு.

தப்பித்த கதையை விவரமாகச் சொல்லத் தேவையில்லை. நாக்ஸும் அவரைப்போலவே சிறைப்பட்டிருந்த ஸ்டீபன் ரட்லண்டும் வியாபாரிகள்போலப் பொட்டலம் சுமந்து வடக்கே போய்ப் போய் வழி பழகிக்கொண்டார்கள். 1679 செப்டம்பரில் புறப்பட்டார்கள். அனுராதபுரத்தில் இருந்தவர்கள் 'மலபார்'கள், அதாவது தமிழ் பேசுவோர், சிங்களம் தெரியாதவர்கள் என்று எழுதுகிறார். மான் இறைச்சி வற்றல் வாங்க வந்ததாகச் சொல்லிச் சமாளித்து, மல்வத்து ஓயாவின் கரை வழியாகவே இறங்கினார்கள். அந்த ஆறு தமிழில் அருவி ஆறு. கயிலாய வன்னியனின் நாட்டைத் தாண்டி, அக்டோபர் 18 அன்று மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையை அடைந்தார்கள். கெட்ட தண்ணீர் உடம்பைக் கெடுக்காமல் இருக்க வழியில் அவர்கள் தின்ற இலையைப் பற்றி விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1689இல் ராயல் சொசைட்டியில் ஒரு உரையே ஆற்றினார். இலை வேறொன்றுமில்லை, கஞ்சா. ஹூக்தான் நாக்ஸின் நூலுக்கு முன்னுரை எழுதி, அச்சுக்குப் போகத் துணைநின்றவர். செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னும் நம்பத்தகுந்த நூல் என்று சான்று கொடுத்தார். பன்னிரண்டு ஆண்டுக்குள் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு என்று மூன்று மொழியில் போனது. டேனியல் டீஃபோ 1720இல் தன் நாவல் ஒன்றில் நாக்ஸின் கதையைச் சுருக்கிப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டில் நாக்ஸ் இறந்தார்.

பெரியவர் மாலையில் தேநீர் கொடுத்தார். அதற்கு முன் புத்தகம் அலமாரிக்குள் போய்விட்டது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 பற்றிப் பேச்சு வந்தது. நான் சென்னை மூர் மார்க்கெட்டைச் சொன்னேன். அது எரிந்தது 1985 மே 30. யாழ்ப்பாணம் மே 31 இரவு தொடங்கி ஜூன் 1. "மே மாதக் கடைசி எங்கடை புத்தகத்துக்கு ஆகாது" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது, "முதல் பதிப்புக்குப் பின்னாலை ஓடாதேங்கோ தம்பி. 1911ஐத் தேடி வாங்குங்கோ" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "வாசிச்சாத் தெரியும்."

கிடைக்க ஆறு வருடமானது. மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில், பள்ளிக்கூடப் பாடநூல் கட்டுகளுக்கு அடியில். முதுகு உடைந்து, ராமபாணப் பூச்சி ஓரமெல்லாம் மேய்ந்திருந்தது. கடைக்காரர் எடை போடாத குறையாக விலை சொன்னார். கிளாஸ்கோவில் ஜேம்ஸ் மெக்லிஹோஸ் வெளியிட்ட பதிப்பு. நாக்ஸ் தன் சொந்தப் பிரதியின் இடையிடையே வெற்றுத் தாள் சேர்த்துக் கட்டி, சாகும்வரை மேலும் மேலும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் கிடந்த அவருடைய கைப்பிரதியை டொனால்ட் ஃபெர்குசன் கண்டுபிடித்தார். அதிலிருந்த தன்வரலாறு இந்தப் பதிப்பில்தான் அச்சேறியது.

பத்தொன்பதரை ஆண்டு அடுத்தவன் அதிகாரத்தில் கிடந்த மனிதர், திரும்பிவந்து கம்பெனிக் கப்பலுக்குத் தலைவரானார். கப்பல் பெயர் 'டோன்குவின் மெர்ச்சன்ட்'. 1684இல் கம்பெனி அவரை மடகாஸ்கருக்கு அனுப்பியது, செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகள் வாங்கிவர. போனார். வாங்கினார். தயங்கியதாகத் தெரியவில்லை. பரங்கிப்பேட்டைப் பையனின் நினைவு அங்கே வந்திருக்குமா என்று நான் அந்தப் பக்கங்களில் தேடிக்கொண்டிருந்தேன். வீண் வேலை. செயின்ட் ஹெலினாவில் இறங்கியபோது அவருடைய மாலுமிகளே கலகம் செய்து, உடுத்த துணியோடு அவரைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதையும் அவரே எழுதுகிறார், கயிற்றைப் பற்றி எழுதிய அதே நிதானத்தோடு.

இந்த மனிதரை வெறுக்க என்னால் முடியவில்லை. நம்பவும் முடியவில்லை. நல்ல கண் இருந்தது, காது இருந்தது, துன்பம் என்ன என்று உடம்பால் தெரிந்திருந்தது. இவ்வளவும் இருந்தும் ஒன்று அவருக்குத் தெரியவே இல்லை என்பதைக் காட்டுவதால்தான் இந்தப் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. பழங்காலத்தின் வாசனைக்காக அல்ல. வாசனை வேண்டுமென்றால் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிய ஓலைச்சுவடியே போதும்.

பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த முதல் பதிப்பு, பதினான்கு படமும் ஒரு ஜெராக்ஸும் சேர்த்து, பேரப்பிள்ளையோடு டொரொண்டோவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். காப்பீடு செய்திருக்கிறார்களாம். மடகாஸ்கர் அதில் இல்லை. மருதானையில் வாங்கிய முதுகு உடைந்த பிரதியில் இருக்கிறது.